ரத்தக்கழிச்சல் நின்னுடுச்சு, ஆனா குஞ்சுங்க சாவுறது நிக்கல. ஏன்?

பாமணிக்கரை (மன்னார்குடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க படிச்சுக்கிட்டுதான் இருக்கேன், எழுதுறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும். சுருக்கமா சொன்ன இடத்துலயெல்லாம் ஆளுக்கொரு பாக்கெட்டைக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க, அதான்.

எனக்குத் தையல்தான் தொழில். கோழி ரெண்டாவது வருமானம். கொல்லையில 16க்கு 12 அடி கீத்துக் கொட்டகை, சிமெண்டுத் தரை, மேல ரைஸ்மில் உமி. புரட்டாசி கடைசியில 300 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கினேன், ஒரு நாள் குஞ்சு. குஞ்சுக்குச் சூடு குடுக்கிற புரூடர்லயே 6 போயிடுச்சு, அது வழக்கம்தான். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பா ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து போட்டேன், 28ஆம் நாள் லசோட்டாங்கிற தடுப்பு மருந்தைத் தண்ணியில குடுத்தேன். அதுவரைக்கும் குஞ்சுங்க கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருந்துச்சு.

ஐப்பசி மழை உங்களுக்கே தெரியும். கொல்லைக்குப் பின்னாடி தாளடி நட்ட வயல், வரப்பு வரைக்கும் தண்ணி. கொட்டகைக்குள்ள ஒழுகல, ஆனா தரை ஓதம் காத்துடுச்சு. 29ஆம் நாள் காலையில நாலஞ்சு குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடி மூலையில நிக்குது. உமி மேல குங்குமத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி எச்சம். மறுநாள் 7 செத்துடுச்சு.

மருந்துக்கடையில சொன்னேன். பார்த்த உடனே 'ரத்தக்கழிச்சல்'னு சொல்லி ஆம்ப்ரோலியம் பவுடர் குடுத்தாரு, ரெண்டு லிட்டர் தண்ணிக்கு அரை ஸ்பூன். கூடவே தெம்புக்குன்னு பி காம்ப்ளக்ஸ் டானிக்கும் குடுத்து, ரெண்டையும் ஒண்ணாக் கலந்து வைன்னாரு. வச்சேன். மூணாம் நாள் ரத்தம் குறைஞ்சுது. ஆறாம் நாள் சாவே இல்ல. அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்.

ஏழாம் நாள் காலையில கொட்டகையைத் தெறந்தா 11 குஞ்சு மல்லாந்து கெடக்கு. நோஞ்சான் இல்லைங்க, நல்லா எடை போட்ட குஞ்சு. இரைப்பை நெறைய தீனியோட செத்திருக்கு. முந்தின நாள் சாயங்காலம் என் காலைச் சுத்தித் தின்ன குஞ்சுதான். எச்சத்துல ரத்தம் துளி இல்ல. கருப்பா, பச்சையா, சிலது ஆரஞ்சு நெறத்துல சளி மாதிரி, உள்ள செரிக்காத குருணை அப்படியே கெடக்கு. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம், வாய்க்கால்ல செத்த எலி மாதிரி.

தையல் அளவு எழுதுற நோட்டுலதான் தினமும் செத்த கணக்கையும் எழுதி வச்சிருக்கேன்: 7, 9, 6, 4, 2, 0, 11, 13, 8. மொத்தம் 60. பக்கத்து வரியில யாரோ ஒரு பொண்ணோட இடுப்பு அளவு. பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு.

தீனி பத்தியும் சொல்லிடறேன். மூணு வாரம் வரைக்கும் கம்பெனி ஸ்டார்ட்டர். அப்புறம் கட்டுப்படி ஆகாம நானே கலந்தேன்: குருணை, உடைச்ச மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, ரேஷன் கோதுமை, நாகப்பட்டினத்துலேருந்து வர்ற கருவாட்டுத் தூள். பத்து கிலோவுக்கு ரெண்டு கிலோ கருவாடு போட்டேன், வளர்றதுக்குப் புரதம் வேணும்னு சொன்னாங்க. தனியா 14 தாய்க்கோழி பழசு இருக்கு. அதுங்களுக்கு ஒண்ணுமே இல்ல, ஜம்முனு முட்டையும் வைக்குது.

ரத்தக்கழிச்சல் நின்னுடுச்சுன்னா அப்புறம் ஏன் சாவுது? இது வேற சீக்கா? மாமியார் கண்ணேறுன்னு சொல்றாங்க. அதுக்கும் சுத்திப் போட்டாச்சு.


சேவக்கொடி

அக்கா இது வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி சரியா ஏறியிருக்காது. மொதல்ல எல்லாத்துக்கும் பூச்சி மருந்து குடுங்க, வயிறு சுத்தமானாலே பாதி சரியாயிடும். அப்புறம் சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைச்சு உருண்டை பிடிச்சுக் குடுங்க. எங்க வீட்டுல அதான் செய்வோம்.


உமிமூட்டை (பாபநாசம்)

சேவக்கொடி தம்பி, கோச்சுக்காதீங்க, எனக்கு அப்படித் தோணல. வெள்ளைக்கழிச்சல்னா கழுத்துத் திருகும், இழுப்பா மூச்சு விடும், தள்ளாடும். இந்தத் தங்கச்சி அதுல ஒண்ணு கூடச் சொல்லல. பூச்சி மருந்தும் இதுக்கு ஆகாது. அது நாக்குப்பூச்சி மாதிரி கண்ணுக்குத் தெரியிற புழுவுக்கு. ரத்தக்கழிச்சல் பண்றது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, குடல் சுவருக்குள்ளயே பூந்து உக்காந்துக்கும். அல்பெண்டசோல் அதைத் தொடக்கூடத் தொடாது.

தங்கச்சி, எனக்கு மூணு வருசம் முன்னாடி இதே ஆச்சு. இதே கார்த்திகை மாசம்தான். 450 குஞ்சு, மிஞ்சினது 190. நானும் ரத்தம் நின்ன அன்னைக்கு சந்தோசத்துல கோயிலுக்குப் போயிட்டு வந்தவன்தான். அதனால நாலு விசயம் கேக்குறேன்.

ஒண்ணு, தண்ணி வைக்கிற இடத்துக்கு அடியில கை விட்டு உமியை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்க. கையைத் தெறந்ததும் உதிர்ந்தா நல்லது. கொழுக்கட்டை மாதிரி பிடிச்சபடி நின்னா அங்கதான் சனியன் உக்காந்திருக்கு. மேலாப்புல பாத்து ஏமாறாதீங்க. எங்க கொட்டகையில மேல பொரிஉருண்டை மாதிரி காஞ்சிருந்துச்சு, ரெண்டு இஞ்சு கீழ அடையா எடுக்க வந்துச்சு.

அடுத்தது இடம். 192 சதுர அடியில 294 குஞ்சு. எட்டு வாரத்துக்குள்ள தலைக்கு ஒரு சதுர அடி வேணும்னு சொல்வாங்க. உங்க கணக்குல ஒண்ணுக்கு முக்கால் அடி கூட வரல. மழையில மேய விட முடியாம நாள் பூரா அடைச்சு வச்சிருப்பீங்க, எச்சத்து மேலயே நின்னு எச்சத்தையே கொத்தியிருக்கும்.

தாய்க்கோழி ராத்திரி எங்க அடையுது? அதே கொட்டகையா? வளர்ந்த கோழிக்கு எதிர்ப்பு வந்திருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எச்சத்துல விதைச்சுக்கிட்டே போகும்.

கடைசியா, செத்ததுல ஒண்ணை அறுத்துப் பாத்தீங்களா? பாக்கலேன்னா இருட்டுல ஊசி கோக்கிறீங்கன்னு அர்த்தம். நீங்க தையக்காரங்க, உங்களுக்குச் சொல்லணுமா.


கால்நடை_ஓய்வு (திருவையாறு)

கால்நடைத் துறையில ஆய்வாளராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, நீங்கள் எழுதியதில் விடை முழுக்க இருக்கிறது. உங்களிடம் இப்போது நடப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. முதலாவது காக்சிடியோசிஸ், நம் ஊர் ரத்தக்கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி செய்வது. கோழியில் இதில் நன்கு அறியப்பட்டவை 7 இனங்கள். குருட்டுக்குடலில் உட்கார்ந்து ரத்தமாகப் போக வைப்பது டெனெல்லா. நடுக்குடலில் உட்கார்ந்து ரத்தத்தைக் காட்டாமல் ஆரஞ்சுச் சளியாகப் போக வைப்பது மேக்ஸிமா. ஒரே கொட்டகையில் இரண்டும் சேர்ந்து இருப்பது சகஜம். ரத்தம் நின்றதும் ஒட்டுண்ணியே ஒழிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் பார்த்த ஆரஞ்சுச் சளி வேறு கதை சொல்கிறது.

இரண்டாவது, குடல் அழுகல். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. இது வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. மண்ணில் இருக்கும், எச்சத்தில் இருக்கும், நல்ல கோழியின் குடலிலும் கொஞ்சம் சும்மா இருக்கும். பல அமினோ அமிலங்களை அதற்குத் தானே செய்துகொள்ளத் தெரியாது, கிடைத்தால்தான் பிழைப்பு. ஐமீரியா குடல் சுவரைக் கிழித்ததும் ரத்தத்தின் புரதம் குடலுக்குள் கசிகிறது, சளியும் பெருகுகிறது. அந்த விருந்தில் இது சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். பெருகியதும் நஞ்சை விடும், குடலின் உள்தோல் செத்து உரியும். அந்த நஞ்சில் முக்கியமான ஒன்றை, நெட்-பி என்பதை, 2008இல்தான் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. 'திடீர்ச் சாவு' என்று ரிஜிஸ்டரில் எழுதுவோம்.

நம் வயலில் பார்க்காததா? வரப்பைக் குடைவது நண்டு, உடைப்பது தண்ணீர். உடைப்பு எடுத்த பிறகு நண்டை மட்டும் பிடித்து என்ன பயன்? தண்ணீரை மட்டும் அடைத்து வளையை விட்டுவிட்டால் நாளை மறுபடி உடையும். உங்கள் கடைக்காரர் நண்டைப் பிடித்தார், அதுவும் பாதி நண்டு.

பாதி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஆம்ப்ரோலியம் பார்ப்பதற்கு தயமின், அதாவது பி1 வைட்டமின், மாதிரியே இருக்கும். ஒட்டுண்ணி அதை பி1 என்று நம்பி ஏமாந்து பட்டினியில் சாகும், அந்த மருந்தின் வேலையே அதுதான். நீங்கள் அதே தண்ணீரில் பி காம்ப்ளக்ஸ் ஊற்றிவிட்டீர்கள். நிஜமான பி1 கிடைக்கும்போது அது ஏன் ஏமாறப் போகிறது? மருந்தையும் அதன் மாற்றையும் ஒரே குடத்தில் கரைத்த கதை. டானிக் வேண்டும் என்றால் மருந்து முடிந்த பிறகு.

அளவும் உதைக்கிறது. ஸ்பூன் கணக்கே வேண்டாம். 20 சதவீதத் தூள் என்றால் லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். பிறகு 0.3 கிராம், ஒன்றிரண்டு வாரம். கீற்றிலிருந்து சொட்டும் தண்ணீர், பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் எதுவும் குஞ்சு வாய்க்கு எட்டக் கூடாது. எட்டினால் மருந்துத் தண்ணீரைத் தொடாது. மழை நாளில் எப்படியும் குறைவாகத்தான் குடிக்கும்.

தீனியைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். பத்துக்கு இரண்டு கருவாடு! கிளாஸ்ட்ரிடியத்துக்கு மீன் புரதத்தைப் போலத் தீனி வேறு இல்லை. அதிலும் உப்புக் கருவாடு. உப்பு தண்ணீரை இழுக்கும், எச்சம் நீராகப் போகும், உமி நனையும். நனைந்த உமியில் ஐமீரியாவின் ஊசிஸ்ட், அதாவது எச்சத்தில் வெளிவரும் அதன் முட்டை போன்ற உரு, பழுக்கும். போதாததற்கு கோதுமை, அது குடலுக்குள் பசை மாதிரி கூழாகி செரிமானத்தை மந்தப்படுத்தும். மக்காச்சோளத்துக்கு அந்தக் குணம் இல்லை. ஆக, நண்டுக்கும் நீங்களே இரை போட்டீர்கள், தண்ணீருக்கும் நீங்களே வாய்க்கால் வெட்டினீர்கள்.

திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானே ஒரு காலத்தில் கருவாட்டுத் தூள் சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் போட்டவன். அளவு சொல்லாமல் சொன்னதுதான் தப்பு.

இப்போது செய்ய வேண்டியது: நாளைக் காலை செத்ததையும், சாகப்போவது போல் நிற்கும் உயிருள்ள குஞ்சு இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். உயிருள்ளது முக்கியம். செத்து நேரமானால் எந்தக் கோழியின் குடலும் தானாக ஊதும், நிறம் மாறும், பார்ப்பவரை ஏமாற்றிவிடும். எந்த ஆண்டிபயாடிக், எத்தனை நாள் என்று அவர்கள் எழுதித் தரட்டும். கடையில் கேட்டு வாங்காதீர்கள். இன்னும் சில கடைகளில் கொலிஸ்டின் இருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். 2019லேயே அதை கோழி, மாடு எதற்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டாகிவிட்டது. தவிர, இந்தப் பாக்டீரியாவுக்கு அது கேட்கவும் கேட்காது.


பாமணிக்கரை

ஐயா, அண்ணே, ரெண்டு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். நாலு நாளா போனைத் தொட நேரமில்ல.

நீங்க எழுதினதைப் படிச்சப்ப ராத்திரி பத்தரை. டார்ச் எடுத்துக்கிட்டு கொட்டகைக்குப் போனேன். குடிதண்ணி வைக்கிற இடத்துல கை விட்டு உமியை எடுத்தேன். கொழுக்கட்டை இல்லண்ணே, களி! பிழிஞ்சா தண்ணி வந்துடும் போல. அங்கதான் எல்லாக் குஞ்சும் கதகதப்புக்குக் கூடிப் படுத்திருந்துச்சு. தாய்க்கோழி 14ல ஒம்பது அதே கொட்டகையில குறுக்குக் கம்பு மேல வரிசையா உக்காந்திருக்கு. அதுக்கு நேர் கீழ குஞ்சுங்க.

விடியிறதுக்குள்ள ஒண்ணு என் கண்ணு முன்னாடியே போச்சு. சூடு ஆறல. ஒரத்தநாட்டு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, ஐயா சொன்ன சூட்டோட நானே பாத்துடலாம்னு தோணுச்சு. பாலித்தீன் பையைக் கையில மாட்டிக்கிட்டு, பழைய கத்திரி ஒண்ணு மொக்கையாப் போனது கெடந்துச்சு, அதால வயித்தை வெட்டினேன். முப்பதாயிரம் ஜாக்கெட் வெட்டியிருப்பேன், கை நடுங்கினது அன்னைக்குத்தான்.

சின்னக் குடல் பலூன் மாதிரி ஊதி, மேல சாம்பல் நெறம் அடிச்சிருந்துச்சு. நுனியில பிடிச்சுத் தூக்கினேன், எடை தாங்காம கையோட கிழிஞ்சு வந்துடுச்சு, பத்து வருசம் பெட்டியில கெடந்த லைனிங் துணி கிழியிற மாதிரி சத்தமே இல்லாம. நல்ல குடல் அப்படிக் கிழியாது, கறி சுத்தம் பண்ற எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். உள்பக்கம் மழமழன்னு இருக்க வேண்டியது, மஞ்சளும் பழுப்புமா சொரசொரன்னு பூத்துப்போய் இருக்கு. நெறைய தொவைச்ச டர்க்கி டவல் இருக்கும் பாருங்க, நூல் நூலா எழும்பி, அதேதான். கடைசியில விரல் மாதிரி ரெண்டு பை இருக்கே, குருட்டுக்குடல், அதை வெட்டினா உள்ள ரத்தம் இல்ல, காஞ்சுபோன ரத்தமும் சீழும் சேர்ந்து பென்சில் கட்டை மாதிரி உருண்டு நிக்குது.

ஒரத்தநாட்டுல டாக்டரம்மா நான் கொண்டுபோன ரெண்டையும் அறுத்து மேசையில வச்சுட்டு என்னைக் கூப்பிட்டுக் காமிச்சாங்க. நான் 'டர்க்கி டவல் மாதிரி இருக்கு மேடம்'னேன். சிரிச்சுட்டு, 'எங்க புத்தகத்துலயும் அதே பேர்தான்மா போட்டிருக்கு'ன்னாங்க. குடலைக் கண்ணாடித் துண்டால சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க, என்னையும் பாக்க விட்டாங்க. முட்டை முட்டையா, அவ்வளவு அழகா இருக்கு பாழாப்போனது. எச்சத்துலயும் உப்புத்தண்ணி கலந்து மிதக்க விட்டுப் பாத்தாங்க. மருந்து குடுத்தும் இவ்வளவு இருக்கேன்னு கேட்டாங்க, டானிக் கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

அப்புறம் ரெண்டு மருந்து, ஒரே நேரத்துல. ஒட்டுண்ணிக்கு ஆம்ப்ரோலியத்தை விட்டுட்டு டோல்ட்ராசூரில் 2.5 சதவீதம், லிட்டருக்கு 1 மில்லி, ரெண்டு நாள் முழுக்க அந்தத் தண்ணிதான். பாக்டீரியாவுக்கு அமாக்ஸிசிலின் அஞ்சு நாள். அளவு என் குஞ்சோட எடையைப் பாத்து எழுதினாங்க, அதனால இங்க எழுதல, யாரும் அப்படியே எடுத்துக்கிட்டா ஆபத்து. எல்லாம் முடிஞ்ச பிறகு ஏ, கே வைட்டமின். முட்டைக்கோழிக்கு இந்தத் தண்ணி ஒரு சொட்டு போகக்கூடாது, போச்சுன்னா அந்த முட்டையைப் புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்கன்னாங்க.

கடை ஸ்பூனை நகைக்கடையில போட்டு நிறுத்தேன் ஐயா. அரை ஸ்பூன் சரியா ஒரு கிராம். ரெண்டு லிட்டருக்கு ஒரு கிராம்னா, நீங்க சொன்னதுல பாதி கூட இல்ல. அதுலயும் பாதியை டானிக் தின்னுருக்கும். நகைக்கடைப் பையன் என்னை மேலயும் கீழயும் பாத்தான், வெள்ளைப் பவுடரைக் கொண்டாந்து நிறுக்கச் சொல்றாளேன்னு.

இன்னொண்ணு, சொல்லியே ஆகணும். என் மாமியார் ஆரம்பத்துலேருந்தே, 'நாங்க பஞ்சாரத்துல கவுத்தோம், காலையில ஒரு எடம், சாயங்காலம் ஒரு எடம், மறுநாள் வேற எடம், ஒரு சீக்கும் வந்ததில்ல'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இருபது கோழிக்கு அது சரி, முந்நூறுக்கு எப்படின்னு நான் வாயை அடைச்சுட்டேன்.


கால்நடை_ஓய்வு

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எச்சத்தில் விழும் ஊசிஸ்ட் அப்போதே நோய் தராது. ஈரமும் காற்றும் 25, 30 டிகிரி சூடும் கிடைத்து ஒன்றிரண்டு நாள் பழுத்த பிறகுதான் தரும். பஞ்சாரத்தைத் தினம் நகர்த்தினால் அது பழுப்பதற்குள் குஞ்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது, பழைய இடத்தில் வெயில் காய்கிறது. கண்ணேறு விஷயத்தில் மட்டும் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

முந்நூறுக்கு பஞ்சாரம் முடியாது என்பது சரிதான். அதனால்தான் உமியைக் கிளறச் சொல்கிறோம்.


வான்கோழிக்காரன் (கும்பகோணம்)

நடுவுல பூர்றதுக்கு மன்னிக்கணும். இனிமே காக்சி வராம இருக்க கம்பெனித் தீனியில மருந்து கலந்து வருது, அதையே போடுங்கன்னு யாராவது சொல்லுவாங்க. போடலாம், தப்பில்ல. சாலினோமைசின் மாதிரி மருந்துங்க காக்சியையும் அடக்கும், அந்த கிளாஸ்ட்ரிடியத்தையும் கொஞ்சம் அடக்கும். ஆனா சாக்குல ஒட்டியிருக்கிற சீட்டைப் படிச்சுட்டுப் போடுங்க. நான் படிக்கல. கோழிக்கு வாங்கினதை வான்கோழிக்கும் அள்ளிப் போட்டேன், காலு வராம படுத்து 5 போச்சு. குதிரைக்கும் அது எமன். கோழிக்குமே அந்தத் தீனி ஓடறப்ப சளிக்குன்னு தியாமுலின் குடுத்துடாதீங்க, ரெண்டும் சேர்ந்தா விஷம்.


உமிமூட்டை

கொட்டகையை இப்ப என்ன பண்ணியிருக்கீங்க தங்கச்சி? பினாயில் ஊத்திக் கழுவிட்டேன்னு சொல்லிடாதீங்க. ஊசிஸ்ட் பினாயிலுக்கெல்லாம் அசையாது, குளிச்சுட்டு உக்காந்திருக்கும்.


பாமணிக்கரை

பினாயில் வாங்கி வச்சிருந்தேண்ணே, உங்க பதிலைப் பாத்துட்டு கக்கூஸுக்குப் போயிடுச்சு.

செஞ்சது இதான். குஞ்சுங்களை ரெண்டாப் பிரிச்சு பாதியைத் திண்ணையில தார்ப்பாய் கட்டி விட்டேன், ரெண்டு தையல் மிஷினும் கூடத்துக்கு வந்துடுச்சு. உமி மொத்தத்தையும் வாரி எடுத்துட்டு, தரையைத் தேய்ச்சுக் கழுவி, ரெண்டு நாள் கூரையில ஒரு பக்கம் கீத்தைப் பிரிச்சு வெயில் விட்டோம். நல்ல வேளை, மழை ரெண்டு நாள் விட்டுச்சு. வெல்டிங் பட்டறைத் தம்பி கேஸ் பர்னர் கொண்டாந்து தரையைச் சுட்டுக் குடுத்தாரு. அப்புறம் சுண்ணாம்புத் தூள், மேல மூணு இஞ்சுக்குப் புது உமி. தண்ணிக் கேனை ஒத்தைச் செங்கல் மேல தூக்கி வச்சு, அடியில பழைய ஜல்லடைத் தகடு. சிந்தினா உமிக்குப் போகாது. காலையில குச்சியால கிளறுறது பெரியவ வேலை. தாய்க்கோழிக்கு மாட்டுக் கொட்டகையில கம்பு கட்டியாச்சு, மொத நாள் பூரா எங்களைத் திட்டித் தீர்த்துச்சுங்க.

கருவாட்டுத் தூள் நிறுத்திட்டேன். அரை மூட்டை மிச்சம் கெடக்கு. கோதுமையை நாங்களே மாவாக்கிக்கிட்டோம். திரும்ப ஸ்டார்ட்டர் தீனிதான், கையைக் கடிக்குது, ஆனா நோட்டுல சாவு எழுதுறதை விடக் கம்மிதான். கணக்கு: ஒரத்தநாடு போன நாள்லேருந்து 9, 7, 3, 3, 1, 0, 0, 0. அங்க அறுத்த ரெண்டு தனி. இப்ப 209 இருக்கு. சிலது எடை ஏறாம குச்சியாட்டம் நிக்குது, அதுங்க இனிமே தேறாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மருந்து சாப்பிட்டதை எத்தனை நாளைக்கு விக்கக்கூடாதுன்னு சீட்டுலயே எழுதிக் குடுத்திருக்காங்க. நான் விக்கிறதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, அதுல பிரச்சினையில்ல.

கடைசியா ஒரு சந்தேகம். வாரி எடுத்த பழைய உமி பதினோரு மூட்டை கெடக்கு. எரிக்க மனசு வரல, நல்ல எரு. தென்னைக்குப் போடலாமா?


உமிமூட்டை

போடலாம். ஆனா சும்மா மேல கொட்டாதீங்க. குமிச்சு, சாணிக் கரைசல் தெளிச்சு, தார்ப்பாய் போட்டு மூடி வைங்க. உள்ள கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும், அதுதான் வேணும். ஒரு மாசம் கழிச்சு புரட்டிப் போட்டு இன்னொரு தரம் மூடுங்க. தை கடைசியில தென்னை மூட்டுல குழி பறிச்சு வச்சு மண்ணைத் தள்ளிடுங்க. குஞ்சு மேய்ற பக்கத்து மரத்துக்கு வேணாம், அந்தக் கோடியில இருக்கிற மரத்துக்கு.

அந்த அரை மூட்டைக் கருவாடு எதுக்கு வச்சிருக்கீங்க? அதையும் தென்னைக்கே வைங்க, கோழி கிளறாத ஆழத்துல.


பாமணிக்கரை

ஏற்கெனவே பூனை பாத்துக்கிட்டிருக்கு அண்ணே.